முட்டி மாற்று ஆபரேஷனில் ரோபோ என்ன செய்யும், என்ன செய்யாது

நங்கநல்லூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வயது 66, நீண்ட நாளாகச் சர்க்கரை. இரண்டு முட்டியும் தேய்ந்து கால்கள் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எலும்பு டாக்டர் ரோபோட்டிக் முறையில் செய்துகொள்ளலாம் என்கிறார், அதற்கு ஒரு காலுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் கூடுதல். ரோபோவா ஆபரேஷன் செய்யும்? வலி குறையுமா, மறுநாளே நடக்கலாமா? தரையில் உட்கார முடியுமா? இரண்டு காலையும் ஒன்றாகச் செய்யலாமா? அந்த ஒரு லட்சம் தகுமா? சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு எப்போது விமானம் ஏறலாம்? இவ்வளவும் கேள்வி.

நான் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் செய்யும் ஆள் இல்லை. மூட்டு மாற்றியவர்களை வார்டில் முதன்முதலாக எழுப்பி நிற்க வைப்பதும், பிறகு ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், வேளச்சேரி என்று வீடு தேடிப் போய் மடக்கி நீட்டப் பழக்குவதும்தான் பல வருடங்களாக என் பிழைப்பு. ரோபோ வைத்துச் செய்த கால்களும் என்னிடம் வருகின்றன, வழக்கமான முறையில் செய்த கால்களும் வருகின்றன. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆனவர் எதிரே நடந்து வந்தால், எந்த முறையில் செய்தது என்று நடையைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. அதனால் ரோபோ வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அம்மாவின் காலில் அது உதவக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால், ஆபரேஷன் தேவையா என்பது. எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசுகிறது என்பது மட்டும் காரணம் ஆகாது. எக்ஸ்ரே படுமோசமாக இருந்தும் தினமும் ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்து போய் வருகிறவர்கள் உண்டு. சுமாரான எக்ஸ்ரேயோடு அழுகிறவர்களும் உண்டு. ராத்திரி வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, தெருமுனைக் கடைக்குப் போய் வர முடியவில்லையா, வலி மாத்திரை இல்லாமல் ஒரு நாளும் ஓடவில்லையா, தொடைத் தசைக்கு ஒழுங்காகப் பயிற்சி செய்து, எடையும் கொஞ்சம் குறைத்துப் பார்த்தும் பலன் இல்லையா என்று பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆமாம் என்றால், கால் வளைந்தும் விட்டால், தள்ளிப் போடுவதில் லாபமில்லை. எக்ஸ்ரே நிற்க வைத்து எடுத்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்து எடுத்தால் தேய்மானம் உள்ளதை விடக் குறைவாகத் தெரியும்.

சரி, ரோபோ. பலரும் முதலில் குழம்புவது இங்கேதான். 2022ல் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ரோபோட்டிக் அறுவை சிகிச்சைக் கருவி வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது சிறுநீரகம், குடல் மாதிரியான இடங்களுக்குச் சின்னத் துளை வழியாகச் செய்யும் வகை. முட்டிக்கு வருவது வேறு இனம். இதில் துளை கிடையாது. முட்டிக்கு முன்னால் தோலை வழக்கம் போலவே கிழித்துத்தான் திறக்கிறார்கள். "ரோபோ என்றால் தழும்பே இருக்காதாமே" என்று என்னிடம் கேட்காத குடும்பம் குறைவு. தழும்பு அதே அளவுதான் இருக்கும். கூடவே தொடையிலும் கீழ்க்காலிலும் அளவெடுப்பதற்காக எலும்பில் இரண்டு இரண்டு உலோகப் பின் போட்ட சின்னக் காயங்களும் இருக்கலாம்.

மூட்டை மாற்றுவது என்றாலும் முழு மூட்டையும் கழற்றி எறிவதில்லை. தொடை எலும்பின் அடிமுனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பரப்பைச் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை சீவி எடுத்து, அந்த இடத்தில் உலோக உறை போடுகிறார்கள். மேலே பெரும்பாலும் கோபால்ட் குரோமியம், கீழே டைட்டானியம் அல்லது கோபால்ட் குரோமியத் தட்டு, நடுவில் ஜவ்வுக்குப் பதிலாக பாலிஎத்திலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக். பெரும்பாலும் எலும்பு சிமெண்டால் ஒட்டுகிறார்கள். மூட்டு சரியாக அமைவதும் அமையாததும் அந்தச் சீவலின் கோணத்தையும் ஆழத்தையும், இருபுறத் தசைநார்களின் இழுவையையும் பொறுத்தது. ரோபோ நுழைவது இந்த இடத்தில்.

வழக்கமான முறையில், தொடை எலும்பின் உட்குழாய்க்குள் ஒரு நீண்ட கம்பியைச் செலுத்தி, அதை வைத்துக் கோணம் பிடித்து, வெட்டு வழிகாட்டிக் கட்டையைப் பொருத்தி, ரம்பத்தால் வெட்டுவார்கள். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவரை ஒரு கோடு போட்டால் அது முட்டியின் நடுவே போக வேண்டும், 3 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பது பல காலமாக எல்லோரும் வைத்திருந்த கணக்கு. கைதேர்ந்த டாக்டர் இதைக் கண்ணாலும் கையாலும் பிடித்துவிடுவார். ரோபோ முறையில் எலும்பில் போட்ட பின்களில் அடையாளக் குமிழ்கள் இருக்கும்; அவற்றை ஒரு கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். டாக்டர் ஒரு கூர்முனைக் கருவியால் எலும்பின் மேல் புள்ளி புள்ளியாகத் தொட்டுத் தொட்டுக் காட்ட, கணினித் திரையில் உங்கள் அம்மாவின் முட்டியே வரைபடமாக வந்துவிடும். காலை மடக்கி, நீட்டி, இருபக்கமும் சாய்த்துப் பார்க்கும்போது உள்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, வெளிப்பக்கம் எத்தனை என்று எண் ஓடும். வெட்டுவதற்கு முன்பே, இங்கே அரை டிகிரி மாற்றினால் அங்கே என்ன ஆகும் என்று பார்த்துத் திட்டத்தைத் திருத்தலாம். என் பார்வையில் கருவியின் உண்மையான பயன் இந்த அளவுகோல்தான். வெட்டும் கை இரண்டாம் பட்சம்.

வெட்டும் விதம் கருவிக்குக் கருவி மாறும். மாகோ என்பதில் ரம்பம் ரோபோவின் கையில் மாட்டியிருக்கும், பிடித்து நகர்த்துகிறவர் டாக்டர்; திட்டமிட்ட எல்லையை மீறப் போனால் அது விடாது. இதற்கு முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் வேண்டும். ரோசா வெட்டுவதில்லை, வழிகாட்டிக் கட்டையைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும். டாக்டர் தன் ரம்பத்தால் வெட்டுவார். கோரி கைக்கடக்கமான கருவி, எலும்பைச் சுரண்டி எடுக்கும். வேலிஸ் ரம்பத்தை ஒரே தளத்தில் நிறுத்திப் பிடிக்கும். கொரியாவில் செய்யும் குவிஸ் மட்டும், டாக்டர் திட்டம் கொடுத்து மேற்பார்வை பார்க்க, எலும்பைத் தானே செதுக்கும் ரகம். அதிலும் தோலைத் திறப்பது, தசைநாரைக் காப்பது, மூட்டைப் பொருத்துவது, தைப்பது எல்லாம் மனிதக் கைதான். ஆக "ரோபோவா ஆபரேஷன் செய்யும்" என்ற கேள்விக்குப் பதில், எலும்பை அளப்பதிலும் வெட்டுவதிலும் உதவும் என்பதோடு முடிகிறது.

விற்பனைத் தாளில் பெரிதாகப் போடாத ஒரு விஷயம் உண்டு. பெரும்பாலான ரோபோக்கள் அந்தந்தக் கம்பெனியின் மூட்டோடுதான் வேலை செய்யும். ரோபோவைத் தேர்ந்தெடுத்தால் மூட்டின் பிராண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். அந்த மூட்டின் பெயர் என்ன, எத்தனை வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பலன். கோணம் துல்லியமாக அமைகிறது, திட்டத்தை விட்டு விலகிப்போகும் கால்கள் குறைகின்றன. இதில் ஆய்வுகளுக்கிடையே பெரிய சண்டை இல்லை. தசைநார்களை அதிகம் தளர்த்தாமல் செய்ய முடிவதால் முதல் சில நாட்கள் வலி சற்றுக் குறைவு, காலைத் தூக்குவது சற்று முன்னதாக வருகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் 5 வருடம், 10 வருடம் கழித்து நடை எப்படி, வலி எப்படி, மூட்டு நிலைத்ததா என்று பார்த்தால் வித்தியாசம் மங்கிவிடுகிறது. கொரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி, குறைந்தது 10 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020ல் வெளியானது. ரோபோ பிரிவுக்கும் வழக்கமான பிரிவுக்கும் இடையே மூட்டின் ஆயுளிலோ, செயல்பாட்டு மதிப்பெண்ணிலோ வித்தியாசம் தென்படவில்லை. அது பழைய தலைமுறை ரோபோ. இன்றைய கருவிகளுக்கு அவ்வளவு நீண்ட கணக்கு வர இன்னும் காலம் பிடிக்கும். மாகோ முழு முட்டிக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 2015ல்தான். இன்னொரு பக்கம், 2019ல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வில், மாற்றிய முழு முட்டிகளில் ஏறக்குறைய 82 சதவீதம் 25 வருடம் தாக்குப்பிடித்திருந்தன. அவ்வளவு பழைய முட்டிகள் என்றால், இந்த வகை ரோபோக்கள் புழக்கத்துக்கு வருவதற்கு முன் போட்டவை என்று அர்த்தம். 66 வயது அம்மாவுக்கு இது நல்ல செய்தி.

உங்கள் அம்மாவின் காலுக்கு எங்கே உதவும் என்றால், வளைவு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு முட்டி மட்டுமல்ல, தொடை எலும்பே வெளிப்பக்கம் சற்று வளைந்திருக்கும். அப்படிப்பட்ட எலும்புக்குள் நேரான கம்பியை விட்டுக் கோணம் பிடித்தால் தவறு வர வாய்ப்பு அதிகம். பழைய முறிவுக்குத் தொடையில் கம்பியோ தகடோ இருந்தால் உள்ளே கம்பி விடவே முடியாது. முட்டியின் ஒரு பாதியை மட்டும் மாற்றும் ஆபரேஷனிலும் துல்லியத்துக்கு மதிப்பு கூடும். இந்த மூன்றில் ஒன்று பொருந்தினால் கூடுதல் பணத்துக்குக் காரணம் இருக்கிறது. ரோபோ இல்லாத கணினி வழிகாட்டி முறையும் உண்டு, கம்பி விடாமல் கோணம் பிடிக்கும் வேலையை அதுவும் செய்யும், செலவு குறைவு. அது அங்கே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நிற்க வைத்து ஒரே படமாக எடுத்த எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "எங்க அம்மா காலுக்கு ரோபோ எதுக்கு வேணும்?" "எல்லோருக்கும் அதுதான் நல்லது" என்பது பதில் ஆகாது. "இந்தத் தொடை வளைவைப் பாருங்கள்" என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினால் அது பதில்.

சாதாரண வளைவு என்றால், என் அம்மாவாக இருந்தால் நான் அந்த லட்சத்தைக் கையில் வைத்துக்கொள்வேன். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் முட்டி மாற்றுகிற டாக்டர், தொற்று வராமல் பார்த்துக்கொள்ளும் தியேட்டர், வீட்டுக்கு வரும் பிசியோ, இந்த மூன்றும் ரோபோவை விட முக்கியம். அதே டாக்டர் ரோபோவில் பழகியவராகவும், வீட்டில் பணம் தட்டுப்பாடு இல்லாமலும் இருந்தால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. கருவி வந்த புதிதில் ஆபரேஷன் நேரம் கூடும், அதனால் அந்தக் கருவியில் டாக்டர் இதுவரை எத்தனை முட்டி செய்திருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேட்கலாம். பின் போட்ட இடத்தில் எலும்பு விரிசல் விடுவதோ தொற்று வருவதோ மிக அபூர்வம், ஆனால் வழக்கமான முறையில் இல்லாத ஆபத்து அது.

பணக் கணக்கில் இன்னும் இரண்டு விஷயம். முட்டி மூட்டுகளின் விலைக்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு போட்டது. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகங்களுக்கு 76,600 என்று அப்போது நிர்ணயித்தார்கள், ஜி.எஸ்.டி. தனி. பிற்பாடு கொஞ்சம் மாறியிருந்தாலும் அந்த வரம்பு இருக்கிறது. ஆகவே பில்லில் மூட்டின் விலை தனி வரியாகவும், ரோபோக் கட்டணம் தனி வரியாகவும் வர வேண்டும். "தங்க நிற மூட்டு, முப்பது வருட கியாரண்டி" என்று யாராவது மொத்தமாக ஒரு தொகை சொன்னால் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். காப்பீடு இருந்தால், ரோபோ அறுவை சிகிச்சையை அடியோடு விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதற்கென்று தனி வரம்பு வைக்கலாம், பல பாலிசிகளில் வைத்திருக்கிறார்கள். மூட்டு மாற்றுக்குக் காத்திருப்புக் காலமும் இருக்கும். அட்மிட் ஆகும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் முட்டி மாற்று தொடர்ந்து நடக்கிறது. வரிசை நீளம், அறை வசதி குறைவு; கை நல்ல கை.

அம்மாவுக்கு இருக்கும் சர்க்கரை பற்றி, ரோபோவைப் பற்றி யோசித்ததை விட அதிகம் யோசியுங்கள். முட்டி மாற்றில் எல்லோரும் பயப்பட வேண்டியது தொற்று. நூறில் ஒன்று, இரண்டு பேருக்கு வருவதுதான், ஆனால் வந்துவிட்டால் மூட்டையே கழற்றி, மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி போடும் நிலை வரலாம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 8க்கு மேல் இருந்தால் பல டாக்டர்கள் தேதி தரமாட்டார்கள், 7.5க்கு அருகே கொண்டுவரச் சொல்வார்கள். அவர்கள் தேதி தள்ளினால் கோபப்படாதீர்கள். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கால் இடுக்கில் சேற்றுப்புண், இவற்றை எல்லாம் முன்னாலேயே சரிசெய்துவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, இதயத்துக்கு மாத்திரை உண்டா என்று எல்லாவற்றையும் சீட்டோடு காட்டுங்கள். நாட்டு மருந்தும் கஷாயமும் சாப்பிட்டால் அதையும் மறைக்க வேண்டாம்.

தொடைத் தசையை ஆபரேஷனுக்கு முன்பே பலப்படுத்தத் தொடங்குங்கள். படுத்தபடி முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து அதை அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடிப்பது, காலை நேராக ஒரு சாண் தூக்கிப் பிடிப்பது, இவ்வளவுதான். முன்கூட்டிச் செய்துவிட்டு வருகிறவர்கள் பின்னால் என்னைக் குறைவாகத் திட்டுகிறார்கள்.

ஆபரேஷன் அன்று. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள், தூங்கவும் கொஞ்சம் மருந்து கொடுப்பார்கள். ஒரு காலுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம், ரோபோ என்றால் சற்றுக் கூடலாம். தொடையின் உள்பக்கம் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் போட்டிருந்தால் முதல் நாள் மாலை அம்மா சிரித்த முகமாக இருப்பார். அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கர் பிடித்து எழுப்பிச் சில அடி நடக்க வைப்போம். ரோபோவில் செய்தாலும் செய்யாவிட்டாலும் இது நடக்கும். மறுநாளே நடக்கலாம் என்பது உண்மைதான்; அதை ரோபோவின் சாதனையாகக் காட்டும் விளம்பரம் மட்டும் கொஞ்சம் தாராளம்.

மரப்பு ஊசியின் வேகம் குறைந்த பிறகு, இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் வலி தெரியும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வீட்டில் எல்லோரும் ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். வலி மாத்திரையை வலி உச்சிக்குப் போகும் வரை தள்ளாமல் வேளாவேளைக்குக் கொடுங்கள்; பயிற்சிக்கு அரை மணி முன்பு கொடுத்தால் இன்னும் நல்லது. மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தையலோ கிளிப்போ இரண்டு வாரத்தில் பிரிப்பார்கள். அதுவரை காயத்தில் தண்ணீர் படக் கூடாது. சென்னை வியர்வைக்குக் கட்டு நனைந்தால் அதையும் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். எண்ணெய் தடவி உருவிவிட ஆள் பிடிக்க வேண்டாம்.

முதல் ஆறு வாரம்தான் எல்லாம். முட்டிக்கு இரண்டு வேலை: முழுவதும் நீட்ட வேண்டும், போதிய அளவு மடக்க வேண்டும். மடக்குவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுவார்கள், நீட்டுவதைக் கோட்டை விட்டுவிடுவார்கள். முட்டிக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்தால் இதமாக இருக்கும், அன்புள்ள மருமகள் வைத்தும் விடுவாள். வைக்கவே வேண்டாம். முட்டி அரை மடக்கிலேயே இறுகிவிட்டால், பிறகு நடக்கும்போது கால் குட்டையானது போல் நொண்டும். தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், முட்டி காற்றில் நேராகத் தொங்கட்டும். மடக்குவதில் இரண்டு வாரத்தில் 90 டிகிரி, ஆறு வாரத்தில் 110 அருகே வந்தால் நிம்மதி. மாடிப்படி ஏற 90 முதல் 100, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 105 போல வேண்டும். மூன்று மாதம் ஆகியும் 90ஐத் தாண்டவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டி வரலாம். அந்த நிலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வலிக்குப் பயந்து பிசியோவை வாசலோடு அனுப்பியவர்கள்.

வாக்கர் இரண்டு மூன்று வாரம், பிறகு கைத்தடி, ஆறாவது வாரம் வாக்கில் தடியில்லாமல். இது சராசரி. பக்கத்து வீட்டு மாமி மூன்றாம் வாரமே பாண்டி பஜார் போனார் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஒப்பிடாதீர்கள். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளோடு இப்படி ஒரு கதையும் கொண்டுவருவார்கள்.

பயப்படத் தேவையில்லாத சில விஷயங்கள் உண்டு. முட்டி நாலைந்து மாதம் தொட்டால் சூடாக இருக்கும். மாலையில் வீங்கும். தழும்பின் வெளிப்பக்கம் ஒரு கையகலத்துக்கு உணர்ச்சி மரத்திருக்கும்; தோலுக்குப் போகும் சின்ன நரம்பு வெட்டுப்படுவதால் இது, பரப்பு சுருங்கும், முழுதும் போகாமலும் இருக்கலாம். நடக்கும்போது உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்கும், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் சத்தம். முதல் மாதம் தூக்கம் சரியாக வராது, மனமும் சோர்ந்துபோகும். "ஏன்தான் செஞ்சுக்கிட்டேனோ" என்று இரண்டாம் வாரத்தில் அம்மா சொன்னால் அது வழக்கம்தான். மூன்றாம் மாதத்தில் கேளுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை வேறு: காயத்திலிருந்து ஐந்தாறு நாளுக்குப் பிறகும் நீர் கசிவது, காய்ச்சலோடு முட்டி சிவந்து வலி கூடுவது, கெண்டைக்கால் இறுகி வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. கடைசி மூன்றும் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதற்கான மாத்திரையை டாக்டர் சொன்ன நாள் வரை விடாமல் கொடுங்கள், கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் தெருமுனை கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுப் பார்க்கும் வேலை கூடாது. ஆபரேஷன் செய்த டாக்டரே பார்க்க வேண்டும்.

தரையில் உட்காருவது. பலருக்கு 120, சிலருக்கு 130 டிகிரி கூட மடங்கும், அவர்களால் சம்மணம் போட முடிவதும் உண்டு. ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியதோ அதை ஒட்டித்தான் பின்னாலும் மடங்கும். ரோபோ அதைக் கூட்டித் தராது. முடிந்தாலும் பெரும்பாலான டாக்டர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். குத்துக்காலிடுவது, இந்திய டாய்லெட், இவற்றை மறந்துவிடுவது நல்லது. மண்டியிடுவதால் மூட்டு கெடாது, ஆனால் பலருக்கு அந்த இடம் கூசும். மார்கழியில் வாசலில் குனிந்து கோலம் போடுவது முடியும், உட்கார்ந்து போடுவதென்றால் குட்டை ஸ்டூல் வேண்டாம், உயரமான முக்காலியாகப் பாருங்கள். கொலு வைப்பது, பூஜை எல்லாவற்றுக்கும் நாற்காலி. வெஸ்டர்ன் டாய்லெட்டும் அதன் பக்கச் சுவரில் கைப்பிடியும் அட்மிட் ஆகும் முன்பே பொருத்திவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கொத்தனாரைத் தேடிய குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

இரண்டு காலையும் ஒரே நேரத்தில் செய்வது நம் ஊரில் சகஜம். ஒரே மயக்கம், ஒரே விடுப்பு, செலவும் சற்றுக் குறையும். ஆனால் ரத்த இழப்பும் இதயத்தின் மேல் பாரமும் கூடும். நீண்ட நாள் சர்க்கரை உள்ள 66 வயதுக்காரருக்கு எக்கோ பார்த்து, இதய டாக்டர் சம்மதித்தால் மட்டும்தான். சின்னத் தயக்கம் இருந்தாலும் ஒரு காலை முடித்து மூன்று மாதம் கழித்து அடுத்தது. மூன்றாவது மாடி வேறு இருக்கிறது. ஒரு கால் என்றால் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில் என்று நான்காம் நாளே பழக்கிவிடலாம். இரண்டும் ஆபரேஷன் என்றால் எந்தக் காலை நல்ல கால் என்பது? முடியும், ஆனால் முதல் இரண்டு மூன்று வாரம் தரைத்தளத்தில் உறவினர் வீடு இருந்தால் அங்கே இருக்கட்டும், அல்லது ஒருமுறை மேலே ஏற்றிவிட்டால் தையல் பிரிக்கும் வரை கீழே இறக்கவே வேண்டாம். பிசியோ மாடி ஏறி வருவார்.

சிங்கப்பூர் நாலரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம்தான். ஆனாலும் ஆறு வாரத்துக்கு முன் வேண்டாம், இரண்டு காலும் செய்தால் மூன்று மாதம் போகட்டும். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், ரத்தம் உறையாமல் இருக்கப் பயணத்துக்கு மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மீனம்பாக்கத்தில் மெட்டல் டிடெக்டர் கத்தும், மெட்ரோ ஸ்டேஷனிலும் கத்தலாம். மருத்துவமனையில் தரும் மூட்டு விவர அட்டையைக் கைப்பையில் வைத்திருந்தால் நல்லது. அதைக் காட்டினாலும் தனியே சோதிப்பார்கள், சேலையை முட்டி வரை தூக்கித் தழும்பு காட்ட வேண்டிய அவசியமில்லை என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள்.